மன்னார்க் கரையின் கறுப்பு வெள்ளைப் படங்கள்

உலகம் நிறங்களால் நிறைந்தது. இன்று ஒரு சிறுவன் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தால், கடலின் நீலமும் மாலைச் செக்கரும் ஒரு கணத்தில் அதனுள் அடங்கிவிடுகின்றன. அவ்வாறிருக்க, நிறமே இல்லாத கறுப்பு வெள்ளைப் படத்தின் மீது மக்களுக்குள்ள பற்று ஏன் இன்னும் குன்றவில்லை? இளைஞர் சிலர் மீண்டும் பிலிம் சுருளைத் தேடி வாங்குவதும், இருட்டறையில் நின்று தம் கையாலேயே படத்தைக் கழுவி எடுப்பதும் எதனால்? அழகுக்கலையின் இலக்கணத்தைக் கொண்டு இதற்கு விடை கூறுவோர் உளர். மன்னார்த் தீவையும் அதனையடுத்த கரையையும் சான்றாகக் கொண்டு நோக்கினால், அவ்விலக்கணத்துக்கு அப்பாலும் ஒரு விடை உண்டு என்பது புலனாகும்.

மன்னார் ஒளியின் நாடு. மலையில்லை, பெருங்காடில்லை. தாழ்ந்த மணற்றரை, உப்பங்கழி, பனங்கூடல், அவற்றுக்கு மேலே எல்லையற்ற வானம். நண்பகலில் வெண்மணல் கண்ணைக் கூச வைக்கும். அம்மணலிலே பனையின் நிழல் மையாற் கோடிழுத்தாற்போல விழும். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தின் பருத்த அடியிலே ஒவ்வொரு மடிப்பும் ஒளியும் நிழலுமாகத் தெரியும். கறுப்பும் வெள்ளையும் இயற்கையிலேயே இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும் இடம் இலங்கையில் அரிது. இக்கரைக்குப் புகழ் தேடித் தந்த முத்தின் அழகும் நிறத்தைப் பெரிதும் சார்ந்ததன்று. வெண்மைக்குள் வெண்மையாக, ஒளி படிப்படியாக மங்கியும் துலங்கியும் செல்வதே அதன் நீரோட்டம். அந்தப் படிநிலையைக் காட்டுவதே கறுப்பு வெள்ளைப் படத்தின் தொழிலும் ஆகும். இக்கலைக்கு இயலாததும் உண்டு. மாரிக்காலத்தில் வங்காலைக் கழிக்கு வரும் பூநாரைகளின் இளஞ்சிவப்பை அது காட்டாது. அதற்கு நிறப்படமே வேண்டும்.

நிழற்படக் கலை 1839 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பிரான்சில் தாகேரும் இங்கிலாந்தில் தால்பொட்டும் வெவ்வேறு வழிகளில் அதனைக் கண்டனர். இருவருக்கும் அடிப்படையாக அமைந்தது வெள்ளியே. வெள்ளியின் சில உப்புக்கள் ஒளி பட்டவுடன் மாறும் இயல்புடையன. ஒளி பட்ட இடத்தில் அவ்வுப்பு, மருந்து நீரில் இட்டதும் நுண்ணிய வெள்ளித் துகளாகிக் கறுக்கும். படாத இடத்தில் உள்ளதை ஹைப்போ என்னும் மற்றொரு நீர் கரைத்து அகற்றிவிடும். எஞ்சி நிற்பது நெகற்றிவ். அதனூடாக மீண்டும் ஒளியைச் செலுத்தித் தாளிலே பதித்தால் படம் கிடைக்கும். ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் காணும் கறுப்பு, மை அன்று, சாயம் அன்று, வெள்ளி என்னும் உலோகமே.

தொடக்கத்தில் இந்த நிறமின்மை ஒரு குறையாகவே எண்ணப்பட்டது. 1850களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து படம் பிடித்த பிரெடெரிக் பீபிக் என்பவரின் படங்கள் கையால் நிறந்தீட்டப் பெற்றவை. பின்னர் ஸ்கீன், ஸ்கோவன் ஆகியோரின் நிலையங்கள் கொழும்பிலும் கண்டியிலும் தோன்றின. 1890 இல் பிளாட்டே நிறுவனம் தோன்றியது. இவை இலங்கைக் காட்சிகளை அச்சிட்டுப் பயணிகளுக்கு விற்றன. இலங்கையின் முகத்தை உலகம் முதலில் அறிந்தது இத்தகைய படங்களாலேயே.

ஆயினும் அந்த முகம் முழு உண்மையான முகம் அன்று. அக்காலத்துத் தட்டுக்கள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன; சிவப்பை அறவே உணரவில்லை. அதன் விளைவு என்ன? நீல வானமும் நீலக் கடலும் வெறும் வெள்ளையாகப் பதிந்தன. வானமும் கடலுமே காட்சியாக அமைந்த மன்னார்க் கரையைப் படம் பிடித்தால், பாதிப் படம் வெறுமையாயிற்று. மறுபுறம், செம்மை கலந்த மாநிற மேனி உள்ளதைவிடப் பன்மடங்கு கறுப்பாகத் தோன்றிற்று. பழைய படங்களில் நம் முன்னோரின் கண்ணும் பல்லும் மட்டும் துலங்க, முகத்தின் மற்றக் கூறுகள் இருளில் ஆழ்ந்து கிடப்பதைக் காண்போர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். எல்லா நிறங்களையும் உணரும் தட்டுக்கள் 1906 ஆம் ஆண்டு தொடக்கம் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அவை பரவிய பின்னரே தமிழரின் முகத்துக்குத் தக்க ஒளி கிடைத்தது எனலாம்.

இதற்கு முன்னரே நம்மவர் முகத்தில் அழகைக் கண்ட ஒருவர் உண்டு. ஆங்கில நிழற்படக் கலைஞருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875 இல் கணவருடன் இலங்கையில் வந்து குடியேறி, 1879 இல் இங்கேயே காலமானார். டெனிசன் போன்ற பெரும் புலவரையும் அறிஞரையும் படம் பிடித்த அவர், இலங்கையில் தோட்டத் தொழிலாளரைத் தம் கமராவின் முன் நிறுத்தினார். அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவர்களுள் தமிழர் பலர். அவர்களின் பெயரை அம்மையார் பெரும்பாலும் எழுதி வைத்தாரில்லை. அக்காலத்தில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குச் சென்றோரிற் பெரும்பாலானோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து சென்றவர்கள். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அப்பாதையில் நடந்தோரைக் காட்டும் நிழற்படச் சான்று அருமை. கலை இருந்தது, கருவி இருந்தது, ஆனால் நடந்து செல்லும் கூலியாளைப் படம் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை.

மன்னார்க் கரைக்குக் கமராவைக் கொண்டுவந்தது முத்துச் சலாபம். அதுவும் எளிதில் நடைபெறவில்லை. கண்ணாடித் தட்டின் மீது மருந்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் பிடித்து, காயுமுன்னே கழுவி முடிக்க வேண்டிய முறையே நெடுங்காலம் வழக்கில் இருந்தது. மன்னார் வெயிலிலே அத்தட்டு எத்துணை விரைவாகக் காயும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. படம் பிடிப்போர் கூடாரத்தையும் நன்னீர்ப் பீப்பாயையும் சுமந்து திரிய வேண்டியிருந்தது. 1870களின் பிற்பகுதியில் ஜெலட்டின் பூசிய உலர்ந்த தட்டுக்கள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. அதன் பின்னரே மரிச்சுக்கட்டி, சிலாவத்துறை போன்ற தொலைவிடங்களில் படம் பிடிப்பது எளிதாயிற்று.

1891 இற்குப் பின்னர் பதினொரு ஆண்டுகள் முத்துக் குளிப்பே நடைபெறவில்லை. பார்களிலே சிப்பி ஏன் மறைகின்றது என்பதை ஆராய 1902 இல் பேராசிரியர் ஹேர்ட்மன் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹோர்ணல். 1903 தொடக்கம் 1907 வரை ஆண்டுதோறும் சலாபம் நடைபெற்றது. 1905 ஆம் ஆண்டு அவற்றுள் தலையாயது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா கிடைத்தது. ஹேர்ட்மன் 1903 இற்கும் 1906 இற்கும் இடையில் ஐந்து பாகங்களாக வெளியிட்ட அறிக்கையிலும், குன்சும் ஸ்ரீவன்சனும் 1908 இல் வெளியிட்ட முத்து பற்றிய பெருநூலிலும், அமெரிக்கப் புவியியற் சங்க இதழ் 1912 இல் வெளியிட்ட கட்டுரையிலும், பிளாட்டே போன்றோர் விற்ற தபாலட்டைகளிலும் சலாபக் காட்சிகள் இன்றும் காணக் கிடைக்கின்றன.

அப்படங்கள் காட்டும் உலகம் வியப்புக்குரியது. ஆண்டு முழுவதும் முட்புதரும் மணலுமாகக் கிடக்கும் கரையில், மாசி பிறந்ததும் ஓலையாலும் தடியாலும் ஒரு நகரம் எழும். அங்கே கச்சேரி உண்டு, நீதிமன்றம் உண்டு, மருத்துவமனை உண்டு, கடைத்தெரு உண்டு. தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், யாழ்ப்பாணத்தவரும், பாரசீகக் குடாவிலிருந்து வந்த அரபிகளும், முத்து வாங்க வந்த செட்டிமாரும் அங்கே கூடுவர். நள்ளிரவில் நிலக்காற்றிலே வள்ளங்கள் பாய் விரித்துப் புறப்படும். விடியலில் பாரை அடைந்து, காலைக் கல்லிற் பொருத்தி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்திற் சுழியோடுவர். இருவருக்கு ஒரு கல். ஒருவர் மூழ்க மற்றவர் இளைப்பாறுவார். ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சில் கைக்கெட்டிய சிப்பியைக் கூடையில் வாரிக் கயிற்றை அசைத்தால், வள்ளத்தில் நிற்போர் மேலே இழுப்பர். சுறாவை மந்திரத்தாற் கட்டும் கடற்கட்டிக்கும் அங்கே மதிப்பு உண்டு. நண்பகலுக்குப் பின் கடற்காற்றிலே வள்ளங்கள் மீளும். கொட்டு எனப்படும் வேலியடைப்பில் சிப்பிகளை மூன்று பங்காக்கி, இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக் கொள்ளும்; ஒரு பங்கு குளிப்பவருக்கு. மாலையிலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் நடைபெறும்.

1906 ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டிக் கொட்டுக்களிற் கடமையாற்றிய இளைய அதிகாரிகளுள் ஒருவர், பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வுல்ப். தம் அனுபவத்தை அவர் எழுத்தில் வடித்தார். சொல்லால் அவர் காட்டியதிற் படத்தால் காட்ட முடியாதது ஒன்று உண்டு: சிப்பி அழுகும் நாற்றம். படத்தால் காட்ட முடிந்ததிற் சொல்லால் முழுதும் காட்ட முடியாததும் உண்டு. நனைந்த தலையோடு வள்ளத்தின் விளிம்பைப் பற்றி மூச்சு வாங்கும் மனிதனின் தோள், கயிறு பிடித்துப் பிடித்துக் காய்த்த கை, ஏலத்தின்போது கூட்டத்திற் பதியும் ஆவல் என்பன அவை. படத்தைக் காண்பவரின் கண், கடலின் நீலத்தாலோ தலைப்பாகையின் செம்மையாலோ திசைதிரும்புவதில்லை. நேரே அம்மனிதனிடம் செல்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தின் வலிமை என்று கலைஞர் கூறுவது இதனையே.

அந்தச் செழிப்பு நிலைக்கவில்லை. 1906 இல் பார்கள் ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகைக்கு, இருபது ஆண்டுக் குத்தகையாக ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு விடப்பட்டன. 1907 இன் பின் சிப்பி மறைந்தது. 1912 இல் கம்பனி கலைக்கப்பட்டது. 1925 இல் மீண்டும் ஒரு பெருஞ் சலாபம் நடந்தது. அதன் பின் அத்தகைய கூட்டத்தை இக்கரை கண்டதில்லை. சலாபத்தைக் கண்காணிக்க வந்த தேசாதிபதி நோர்த் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் எழுப்பிய டொரிக் மாளிகையும் கடலரிப்பால் நாளுக்கு நாள் இடிந்து வருகின்றது. ஒரு காலத்துப் படத்தை மற்றொரு காலத்துப் படத்தின் அருகில் வைத்தால், இடைக்காலத்திற் கடல் விழுங்கிய சுவரை விரலாற் சுட்டிக் காட்டலாம்.

ஆனால் சலாபப் படங்களிலே ஒரு பெருங் குறை உண்டு. அவற்றின் கீழ் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் "முத்துக் குளிப்போர்", "வள்ளங்கள் மீளும் காட்சி" என்பன போன்றவையே. முகம் உண்டு, பெயர் இல்லை. வள்ளத்தில் நிற்பவரின் பேரப்பிள்ளைகள் இன்று முத்தரிப்புத்துறையிலோ கீழக்கரையிலோ வாழ்ந்து கொண்டிருக்கலாம். தம் பாட்டனாரின் முகம் ஒரு நூலில் இருப்பதை அவர்கள் அறியார்.

இதற்கு நேர்மாறான படங்கள் தலைமன்னாரில் உள்ளன. அங்கே முகமும் பெயரும் சேர்ந்தே வந்தன. 1914 மாசி மாதத்தில் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பற் சேவையும் தொடங்கின. சென்னையிற் புகையிரதம் ஏறிய ஒருவர் இருபது மைல் அளவான கடலைக் கப்பலிற் கடந்து, மீண்டும் புகையிரதம் ஏறிக் கொழும்பை அடையலாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, முதலாம் உலகப் போரின் காரணமாகப் பிரித்தானியக் கடவுச்சீட்டில் நிழற்படம் கட்டாயமாக்கப்பட்டது. ஒருவர் யார் என்பதற்கு அவருடைய சொல் போதாது, படமே சான்று என்னும் காலம் பிறந்தது. வியாபாரிக்கும் மாணவருக்கும் யாத்திரிகருக்கும் இது ஒரு சடங்காக மட்டுமே இருந்தது. மலைநாட்டுத் தொழிலாளருக்கோ அது வாழ்வையே தீர்மானிப்பதாயிற்று.

1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949 இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோருட் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். 1964 ஐப்பசி 30 ஆம் நாள் ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அதில் எழுதப்பட்டது. 1974 இல் அவர்களும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். கணக்கு எளிதாகவே இருந்தது. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு விண்ணப்பமும், விண்ணப்பத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் ஒரு முகமும் தேவைப்பட்டன. நாள் முழுதும் கொழுந்து கொய்த பெண், இருப்பதில் நல்ல சேலையை உடுத்து, நகரத்து ஸ்ரூடியோவில் நாற்காலியில் அமர்ந்தாள். பலருக்கு வாழ்விற் பிடித்த முதற்படம் அதுவே. சிரிப்பில்லாத, நேரே நோக்கும், தபால் முத்திரையிலும் சற்றே பெரிதான கறுப்பு வெள்ளைப் படம்.

அப்படத்தைத் தாங்கிய தாள்களோடு அவர்கள் தலைமன்னாருக்கு வந்தனர். மலைநாட்டிலிருந்து அவர்களை ஏற்றிவந்த வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்றே மக்கள் வழங்கினர். உறவைப் பிரிந்தோரின் அழுகை மேடைக்கு மேடை அதனைத் தொடர்ந்தது. 1964 மார்கழிச் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்தபின், கப்பல் இராமேஸ்வரத்துக்குச் சென்றது. தலைமன்னார் இறங்குதுறையில் அதிகாரி படத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், முத்திரை குத்துவார். பிறந்த மண் அத்துடன் முடிந்துவிடும். 1984 இற் கப்பற் சேவை நின்றது. போகவேண்டியோராக எழுதப்பட்டோரிற் பலர் இங்கேயே தங்கினர். அவர்களுக்கும் அவர்களின் மக்களுக்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே பிரசாவுரிமை கிடைத்தது. மன்னார் புகையிரதப் பாதை 1990 இல் அழிவுற்று, 2015 பங்குனியில் மீண்டும் தலைமன்னார் இறங்குதுறை வரை திறக்கப்பட்டது. அங்கே நின்று கடலை நோக்குவோர், அந்தச் சிறு படங்களை நினையாதிருத்தல் அரிது. கலையாக எண்ணிப் பிடிக்கப்படாத படங்கள் அவை. எனினும் மலைநாட்டுத் தமிழரின் வரலாற்றை எழுதுவோருக்கு அவற்றினும் சிறந்த முகச்சான்று இல்லை.

மூன்றாவது வகைப் படம் வீட்டுச் சுவரில் உள்ளது. கல்யாணம், முதல் நற்கருணை, ஹஜ் பயணம், பள்ளிக்கூட விடுகை என ஒவ்வொன்றுக்கும் குடும்பம் ஸ்ரூடியோவுக்குச் சென்றது. சீலையில் எழுதிய அரண்மனைத் திரை, மரக்கைபிடியுள்ள நாற்காலி, பக்கத்தில் பூச்சாடி என்பன எவ்வூரிலும் ஒன்றே. நெகற்றிவின் மீது கூரிய பென்சிலால் மெல்லத் தீட்டி முகத்தின் தழும்பை நீக்கும் நுட்பமும் அங்கே உண்டு. வெப்ப நாட்டில் இத்தொழில் இலகுவானதன்று. மருந்து நீருக்கு உகந்த சூடு இருபது பாகை. மன்னாரில் கிணற்று நீரே அதனைவிடச் சூடானது. நீர் மிகச் சூடேறினால் ஜெலட்டின் வீங்கி, படம் கண்ணாடியை விட்டுக் கழன்றுவிடும். பனிக்கட்டி கிடைத்தால் நீரைக் குளிர்விப்பர். கிடையாதவிடத்துப் படிகாரச் சரக்கை இட்டு ஜெலட்டினை இறுக்குவர். இரவின் குளிரிலே கழுவுவர். உவர் நீரைப் பற்றி ஒரு புதுமையும் உண்டு. படத்தில் தங்கும் ஹைப்போவைக் கடல் நீர் நன்னீரினும் விரைவாக அகற்றும் என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கடற்படையினரால் அறியப்பட்டது. ஆனால் ஈற்றில் நன்னீராற் கழுவாவிடின் அந்த உப்பே படத்தைக் கெடுத்துவிடும். கடற்கரையூரில் நன்னீரின் அருமையை நிழற்படமும் இவ்வாறு நினைவூட்டுகின்றது.

இலங்கையில் இக்கலையைத் தனிப்பெருங் கலையாக உயர்த்தியவர் லயனல் வெண்ட். 1900 இற் பிறந்து 1944 இல் மறைந்த அவர், ஒளியையும் மேனியையும் கறுப்பு வெள்ளையில் எழுதிக்காட்டினார். அவர் இறந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. 1950 இல் இலண்டனில் வெளியான நூலும் எஞ்சிய அச்சுக்களுமே இன்று அவரைக் காட்டுகின்றன. புகழ்மிக்க கலைஞரின் நிலையே இதுவென்றால், சிற்றூர் ஸ்ரூடியோக்களின் நெகற்றிவ்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

மன்னாரில் அழிவு வேறு வழிகளாலும் வந்தது. 1990 ஐப்பசியில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுக் கடல் வழியே கற்பிட்டிப் பக்கம் சென்றனர். 2009 இற் போர் முடியும் வரை தமிழ்க் குடும்பங்களும் மடுவிலும் வன்னியிலும் கடலுக்கப்பாலுள்ள மண்டபம் முகாமிலும் மாறி மாறி அடைக்கலம் புகுந்தன. அவசரத்தில் வீட்டை விட்டுச் செல்வோர் கையில் எடுத்துச் செல்லக்கூடியது சிறிது. உறுதியும் அடையாள அட்டையும் போயின. சுவரில் மாட்டிய படங்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றன. திரும்பி வந்தபோது சுவரே இல்லாதோர் உண்டு. பலருக்குத் தாய் தந்தையரின் முகமாக மிஞ்சியது, 1972 தொடக்கம் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையில் இருந்த சிறு கறுப்பு வெள்ளைப் படமே. அதனைப் பெருப்பித்து மாலையிட்டு வணங்கும் வீடுகள் வடக்கில் எத்தனையோ உள. அந்த வீட்டாரிடம் சென்று, கறுப்பு வெள்ளைப் படத்தின் கவர்ச்சி யாது என்று வினவ வேண்டியதில்லை.

பொருளியல்பாலும் அப்படத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. நிறப்படத்தின் நிறங்கள் சாயங்கள். ஒளியும் வெப்பமும் சாயத்தை மங்கச் செய்யும். 1970களில் எடுத்த நிறப்படங்கள் பல இன்று செம்மஞ்சளாக வெளிறிக் கிடக்கின்றன. நன்கு கழுவிய கறுப்பு வெள்ளைப் படமோ நூறாண்டைக் கடந்தும் நிற்கும். ஏனெனில் அதில் இருப்பது வெள்ளி. பேரப்பிள்ளையின் நிறப்படம் மங்க, பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் துலங்கி நிற்கும் விந்தையை வீடுதோறும் காணலாம்.

காலம் மாறிற்று. தமிழகத்தில் உதகமண்டலத்தில் 1960 இல் நிறுவப்பட்டு, இந்து என்னும் பெயருடன் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. 2012 இல் கொடாக் நிறுவனமே வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. பிலிமின் கதை முடிந்தது என்று அன்று பலர் கூறினர். ஆனால் 1954 இல் சுருளாக வெளிவந்த டிரை-எக்ஸ் இன்றும் விற்பனையாகின்றது. இங்கிலாந்தின் இல்போர்ட் பிலிமும் நிற்கின்றது. பியூஜி 2018 இல் நிறுத்திய கறுப்பு வெள்ளைப் பிலிமை மறு ஆண்டே புதுக்கி வெளியிட நேர்ந்தது. காரணம் வெறும் பழமைப் பற்று அன்று. முப்பத்தாறு படங்களே ஒரு சுருளில் உண்டு; ஆகவே எண்ணிப் பார்த்தே பொத்தானை அழுத்த வேண்டும். பிடித்தவரே கழுவலாம், வெறுந்தாளில் முகம் மெல்ல மெல்ல எழுவதைத் தம் கண்ணாற் காணலாம். கையில் ஏந்தக்கூடிய நெகற்றிவ் ஒன்று மிஞ்சும். கைத்தொலைபேசியில் ஆயிரம் படங்களை வைத்திருப்போர் பலரிடம் அத்தகைய ஒன்றுகூட இல்லை.

இவற்றையெல்லாம் எண்ணும்போது செய்யவேண்டிய கடமை ஒன்று தோன்றுகிறது. பழைய படங்களைப் பிளாஸ்ரிக் உறையிலிருந்து எடுத்து, அமிலமற்ற தாளிற் சுற்றி, ஈரமும் உப்புக்காற்றும் அணுகாத இடத்தில் வைத்தல் நன்று. பிலிம் நெகற்றிவில் வினாகிரி மணம் எழுந்தால் அது அழியத் தொடங்கிவிட்டது என்று கொண்டு, உடனே பிரதி எடுத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் முதியோர் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலாற் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைத்தல் வேண்டும். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும், பென்சில் கெடுக்காது.

மரிச்சுக்கட்டியில் மூச்சடக்கிக் கடலடி கண்டவர்களின் முகத்தை வெள்ளி காத்துத் தந்திருக்கிறது. பெயரை எவரும் காக்கவில்லை. இன்று சுவரில் இருப்போருக்கும் அக்கதி நேராதிருப்பது, ஒரு பென்சிலையும் ஒரு மாலைப் பொழுதையும் பொறுத்தது.